ஒரு பிப்பெட் குறைந்தது

மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் 14 வருடம் வேதியியல் நடத்தினேன். அரசுப் பள்ளி ஆசிரியர் வேலைக்கான டி.ஆர்.பி. தேர்வில் மூன்றாவது முறை என் பெயர் வந்தது. கலந்தாய்வில் திருத்துறைப்பூண்டி தாண்டி வேதாரண்யம் சாலையில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியை எடுத்தேன். விலகல் கடிதத்தை நீட்டியபோது தாளாளர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "லேபை எண்ணி ஒப்படைச்சிடுங்க மிஸ். அப்புறம் சர்டிபிகேட் வாங்கிக்கலாம்."

வேலையில் சேரும்போதே வாங்கிப் பூட்டி வைத்த ஒரிஜினல்கள். தனியார் பள்ளியில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மே மாதம் சம்பளம் கிடையாது, ஆனால் வெயிலில் வீடு வீடாகச் சேர்க்கைக்குப் பிள்ளை பிடிக்கப் போக வேண்டும். மேட்டூர் திறக்க ஜூன் 12 ஆகும். அதுவரை பாமணி ஆறு வெறும் மணல். குறுக்கே நடந்தே அக்கரைத் தெருக்களுக்குப் போய் நோட்டீஸ் கொடுத்திருக்கிறோம்.

கையிருப்புப் பதிவேட்டைத் திறந்தால் முக்கால்வாசி என் கையெழுத்து. ஒரு பக்கத்தில் மட்டும் 'உடைந்தவை' என்ற கட்டம் நிரம்பி வழிந்தது: பியூரெட் (அளவுக்கோடு போட்ட, அடியில் திருகு வைத்த நீளக் கண்ணாடிக் குழாய்) 11, குடுவை 30, காரணம் கஜா. 2018 நவம்பர் 16 அதிகாலையில் புயல் கரையேறியது. மூன்று நாள் கழித்துத்தான் பள்ளிக்குப் போக வழி கிடைத்தது. ரோடு முழுக்கத் தென்னை. லேப் ஜன்னல் பெயர்ந்து உள்ளே விழுந்திருந்தது. அமில பாட்டில்களைக் கீழ்த்தட்டில் வைக்கும் பழக்கத்தால் அவை தப்பின. நானும் ஆயாவும் கண்ணாடித் தூளைக் கூட்டி மூன்று சாக்கில் கட்டினோம். பள்ளி திறந்த வாரமே பாக்கி ஃபீஸ் லிஸ்ட் வகுப்புக்கு வந்தது. அதைப் படித்துக் காட்டியது நான்தான். தென்னை சாய்ந்த வீட்டுப் பையன் ஒருவன் மறுநாளிலிருந்து வரவில்லை. அந்த லிஸ்ட்டை நான் வாங்காமல் இருந்திருக்கலாம்.

எண்ணி முடிக்க நாற்பது நிமிடம்கூட ஆகவில்லை. பிப்பெட், அதாவது கரைசலை அளந்து எடுக்கும் கண்ணாடிக் குழாய், 24 இருக்க வேண்டும், 23தான் இருந்தது. என் பணத்தைக் கொடுத்துக் கணக்கை முடித்தேன். சான்றிதழ் கைக்கு வந்தது.

நியாயமாகச் சொன்னால் சம்பளத்துக்காகத்தான் போனேன். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. உறுத்தியது பன்னிரண்டாம் வகுப்புதான். நவம்பர் மாதம், சம்பா பச்சையாக நிற்கிறது, செய்முறைத் தேர்வுக்கு மூன்று மாதம்கூட முழுசாக இல்லை. கடைசி வகுப்பில் பெர்மாங்கனேட் தரம்பார்த்தல்: பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும் இடத்தில் அளவைப் படிப்பது. மற்றக் கரைசலுக்கெல்லாம் பியூரெட்டில் திரவ மட்டத்தின் கீழ்வளைவைப் பார்ப்போம்; பெர்மாங்கனேட் இருட்டு நிறம், கீழே தெரியாது, அதனால் மேல்வளைவு. வருடா வருடம் பாதிப் பேர் கோட்டை விடும் இடம் இது. ஒவ்வொருத்தியையும் கண்மட்டத்துக்குக் குனியவைத்துப் படிக்கச் சொன்னேன். வெளிர் ரோஜா நிறம் நின்றதும் ஒருத்தி, "இனிமே எங்களுக்கு யாரு மிஸ்?" என்றாள். வருவாங்க என்றேன். யாரையும் போடவில்லை என்று எனக்குத் தெரியும்.

புதுப் பள்ளியில் எல்லோரும் "டீச்சர்" என்கிறார்கள். இரண்டு நாள் நான் திரும்பியே பார்க்கவில்லை. திமிர் பிடித்தவள் என்று நினைத்திருப்பார்கள். மூன்றாம் நாள் தலைமையாசிரியர் லேப் சாவியையும் ஒரு பதிவேட்டையும் நீட்டினார். "பார்த்து சைன் பண்ணிடுங்க டீச்சர். எல்லாம் சரியாத்தான் இருக்கும்."

சாவியை மட்டும் வாங்கிக்கொண்டேன். அலமாரி திறக்கத் தேங்காயெண்ணெய் விட வேண்டியிருந்தது. பதிவேட்டில் பிப்பெட் 30. நான் எண்ணியபோது 17.