"ஹைலக்ஸ் எக்சல்" என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள்

திருகோணமலை உவர்மலை ஏற்றத்தில் முதல் கியரில் கிளச்சை விட்டேன். வண்டிக்கு அடியில் "டங்" என்று ஒரு சத்தம், அப்புறம் கல் அரைக்கிற மாதிரி ஓர் இரைச்சல். எஞ்சின் சுற்றுகிறது, வண்டி பின்னால் நழுவுகிறது. ஓட்டப் பந்தயம் எதுவும் இல்லை, தேங்காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். கராஜில் டிஃப்பின் (பின் எக்சல் நடுவில், எஞ்சின் விசையைச் சக்கரங்களுக்குத் திருப்பும் கியர்க் கூடு) ஒயிலை இறக்கியபோது வெள்ளிப் பொடியும் பினியன் என்ற சின்னப் பல்சக்கரத்தின் இரண்டு பல்லும் தட்டில் விழுந்தன.

என் வண்டி பழைய டொயோட்டா கொரோலா டிஎக்ஸ் வேகன். அதில் டொயோட்டாவின் பெரிய 1ஜேஇசட் டர்போ எஞ்சினைக் கஷ்டப்பட்டு ஏற்றியிருந்தேன். (எஞ்சின் மாற்றத்தைப் பதிவுப் புத்தகத்தில் ஏற்றியது தனிக் கதை. அதைச் சொன்னால் இரத்த அழுத்தம் கூடும்.) எஞ்சினுக்கு ஒரு வருடம் செலவழித்த நான் பின் எக்சலை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கராஜ் பாஸ் (மெக்கானிக்) தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார்: "தம்பி, முன்னுக்கு எல்லாம் பாத்தீங்க. பின்னுக்கு ஆர் பாத்தது?"

அன்றிரவுதான் கணக்குப் போட்டேன். வண்டியோடு வந்த பழைய 4கே எஞ்சினின் முறுக்குவிசை 100 நியூட்டன் மீட்டருக்கும் குறைவு. முதல் கியர், டிஃப் விகிதம் இரண்டாலும் பெருக்கினால் பின் எக்சலுக்குப் போவது தோராயமாக 1,400. புதிய எஞ்சின் தருவது 378. அதை ஆர்154 கியர்பெட்டியின் முதல் கியர் 3.25ஆலும் டிஃப் 4.1ஆலும் பெருக்கினால் 5,000ஐத் தாண்டுகிறது. எத்தனை குதிரைவலு என்ற கேள்வியை விட இந்தப் பெருக்கல்தான் முக்கியம். இன்னொன்று, ரயர் வழுக்கினால் எக்சல் பிழைக்கும். அவ்வளவு விசையும் அதற்கு ஏறாது. நானோ அதற்கு முந்தின கிழமைதான் அகலமான புது ரயர் போட்டு, வழுக்க இருந்த வழியையும் அடைத்திருந்தேன்.

கனடாவில் இருக்கும் மச்சான், "ஃபோர்ட் ஒன்பது அங்குலம் போடு, உடையாது" என்றான். 1957 முதல் 1986 வரை ஃபோர்ட் வண்டிகளில் வந்த பின் எக்சல், அங்கே அதுதான் வேதம். திருகோணமலையில் அதற்கு எங்கே போவது? நம் ஊரில் கைக்கு எட்டுவது டொயோட்டா ஹைலக்ஸ் கெப்பின் எக்சல். அதன் பெரிய டிஃப்பில் கிரவுன் வீல், அதாவது பினியன் சுழற்றும் பெரிய பல்சக்கரம், 8 அங்குலம். நடுப்பகுதியை முன்பக்கமாகக் கழற்றி எடுக்கலாம். சக்கரம் சாஃப்டோடு சேர்ந்து வெளியே வராதபடி பேரிங்கே சாஃப்டைப் பிடித்து வைத்திருக்கும். வேகனில் பின்னால் லீஃப் ஸ்பிரிங் என்பதால் பொருத்துவதும் லேசு. செடான்காரர்களுக்குக் கொயில் ஸ்பிரிங், அதில் எக்சலைப் பிடிக்கும் கம்பிக் கை ஒவ்வொன்றுக்கும் பிராக்கெட் வெல்ட் பண்ண வேண்டும். அவர்கள் பாடு அவர்களுக்கு.

சரி, இரவு பஸ் ஏறி விடியப் பஞ்சிகாவத்தை, கொழும்பில் பழைய வண்டிச் சாமான் விற்கும் இடம். கடைக்காரர், "அண்ணே, ஒரிஜினல் டபிள் கெப் சாமான், கண்ணை மூடிக்கொண்டு கொண்டு போங்க" என்றார். நானும் கண்ணை மூடிக்கொண்டேன். கிரவுன் வீலை அளந்தேன், எட்டு அங்குலம் சரி. பற்களை எண்ணினேன், 41க்கு 10. அதாவது 4.1, அதுவும் சரி. காசைக் கொடுத்து, மரக்கறி இறக்கிவிட்டுத் திரும்புகிற ஒரு லொறியில் ஏற்றிவிட்டு வெற்றி வீரனாக ஊர் வந்தேன்.

பிரஷ்ஷால் கறுப்புப் பெயின்டைச் சுரண்டும்போதுதான் வயிறு கலங்கியது. முதல் பிழை ஆறு நட்டு. ஃபோர் வீல் டிரைவ் கெப்பின் எக்சல் அது, என் ரிம் எதுவும் ஏறாது. இரண்டாவதுதான் பெரியது. பாஸ் இரண்டு பக்கமும் ரயர் இல்லாத வெறும் ரிம்மைப் பூட்டி, ரிம்முக்கு ரிம் டேப் பிடித்தார். முன்னும் பின்னும் ஒரே அளவு. மேலே மட்டும் கீழே இருப்பதை விட 6 மில்லிமீட்டர் குறைவு. "சுமை ஏத்தி ஏத்தி முதுகு வளைஞ்சு போச்சு தம்பி. மண் அள்ளின கெப்." கடைக்குப் போன் எடுத்தால், கழற்றிய சாமான் திருப்பி எடுப்பதில்லையாம். நான் கழற்றியது பெயின்டை மட்டும்தான்.

கடைசியில் சரியான எக்சல் கிடைத்தது கந்தளாயில், 40 கிலோமீட்டர் தூரத்தில்! ஒரு வயல்காரரின் பழைய டூ வீல் டிரைவ் ஹைலக்ஸ், துருப்பிடித்துக் கிடந்தது. அதில் ஐந்து நட்டு, அவை அமையும் வட்டம் 114.3 மில்லிமீட்டர். டூ வீலில் ஏழரை அங்குல டிஃப்பும் வரும், எட்டும் வரும். ஆகவே அளக்காமல் நகராதீர்கள். இந்த முறை ரிம், டேப், வேர்னியர், காந்தம் எல்லாம் கொண்டு போனேன். ஒயிலுக்குள் காந்தத்தை விட்டுத் துழாவினால் மெல்லிய சேறு மட்டும் ஒட்டியது, பல் துண்டு இல்லை. வயல்காரர், "டொக்டர் மாதிரிப் பாக்கிறீங்க" என்று சிரித்தார்.

அகலம்தான் மிச்சத் தலைவலி. வேகனின் எக்சலை விட இரண்டரை அங்குலத்துக்குக் கிட்ட அதிகம். சாஃப்டை வெட்டி நடுவில் வெல்ட் பண்ணித் தருவதாக ஒருவர் சொன்னார். தயவுசெய்து செய்யாதீர்கள். சூட்டில் இரும்பின் பதம் போய்விடும், அடுத்த ஏற்றத்தில் அங்கேயே முறியும். கிண்ணியாவில் லேத் வைத்திருக்கும் நானாதான் வழி சொன்னார்: "எக்சலை ஏன் வெட்டுறீங்க? ரிம்மை மாத்துங்க." புதிய கார்களின் ஐந்து நட்டு ரிம்களில் ஓஃப்செட் அதிகம், அதாவது நட்டுப் பூட்டும் முகம் ரிம்மின் வெளிப்பக்கம் தள்ளி இருக்கும், சக்கரம் அவ்வளவுக்கு உள்ளே போய்விடும். நடுத் துளையை மட்டும் அவர் கொஞ்சம் பெரிதாக்கித் தந்தார். சக்கரம் மட்கார்டுக்குள் போய் உட்கார்ந்த அந்த நிமிடம் நானாவைக் கட்டிப்பிடித்தேன், சட்டையெல்லாம் கிறீஸ்.

ஸ்பிரிங் பேட் (லீஃப் ஸ்பிரிங் எக்சலில் உட்காரும் தட்டு) வெல்டிங்கை இரண்டு பக்கமும் மாறி மாறி, துண்டு துண்டாக, ஆறவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். ஒரேயடியாக இழுத்தால் நேராக இருக்கும் எக்சலும் வளையும். முழுவதும் வெல்ட் பண்ணுவதற்கு முன் வண்டியின் பாரத்தை இறக்கி, பினியன் சாய்வைப் பாருங்கள். புரொப்பெலர் சாஃப்ட், பிரேக் குழாய், கை பிரேக் எல்லாம் இரண்டு நாளில் முடிந்தன.

இப்போது முன்னுக்கு நாலு நட்டு, பின்னுக்கு ஐந்து நட்டு. ஆகவே ஸ்பெயார் சக்கரமும் இரண்டு. வேகனின் பின்பக்கம் முழுக்க அவைதான், தேங்காய் மடியில். வளைந்த எக்சல் வீட்டுக்குப் பின்னால் மாமரத்தடியில் கிடக்கிறது. ஆறு நட்டு எக்சல் தேடி யாராவது வந்தால் கொடுக்கலாம் என்று இருக்கிறேன், அந்த 6 மில்லிமீட்டரை முதலில் சொல்லிவிட்டு.