மூளையின் பரப்பளவுக்கு ஒரு மரபணுக் கூட்டம், தடிமனுக்கு வேறொரு கூட்டம்

‘மூளையைத் தீர்மானிக்கும் மரபணு கண்டுபிடிப்பு’ என்று செய்தி வரும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அப்படித் தனியாக ஒரு மரபணு கிடையாது. டிஎன்ஏவில் எங்கெங்கோ சிதறிக் கிடக்கும் ஏராளமான சின்னச் சின்ன மாறுபாடுகள் சேர்ந்துதான் ஒருவர் மூளைக்கும் இன்னொருவர் மூளைக்கும் அளவில் வித்தியாசம் வருகிறது, அதில் ஒவ்வொன்றின் பங்கும் பெரும்பாலும் ஒரு சதவீதத்தைக்கூடத் தொடாது.

முன்பெல்லாம் நூறு, இருநூறு பேரை ஸ்கேன் செய்து, பெயர் தெரிந்த ஒரு மரபணுவை எடுத்துக்கொண்டு, அதற்கும் மூளையின் ஏதோ ஒரு பகுதிக்கும் தொடர்பு இருக்கிறது என்று எழுதினார்கள். வேறொரு குழு திரும்பச் செய்து பார்த்தால் பல நேரம் அது கிடைக்காது. இவ்வளவு சிறிய விளைவைப் பிடிக்கப் பல்லாயிரம் பேர் வேண்டும். அதற்காகத்தான் 2009இல் எனிக்மா என்ற கூட்டமைப்பு உருவானது. பல நாட்டு ஆய்வகங்கள் எம்ஆர்ஐ அளவுகளையும் மரபணுத் தரவையும் ஒரே முறையில் கணக்கிட்டு ஒன்றுசேர்த்தன. 2015இல் 30,717 பேரை வைத்துப் பார்த்தபோது, கேடிஎன்1 மரபணுவுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு மாறுபாடு, உடல் அசைவுகளில் பங்குள்ள புட்டமென் என்ற பகுதியின் அளவோடு தொடர்புடையது என்று தெரிந்தது.

ஆனால் என்னை அசரவைத்தது 2020இல் வந்த ஆய்வுதான். 51,665 பேரின் பெருமூளைப் புறணியை, அதாவது மூளையின் வெளி அடுக்கை எடுத்து, அதன் பரப்பளவையும் தடிமனையும் தனித்தனியாகப் பார்த்தார்கள். பரப்பளவோடு தொடர்புள்ள மாறுபாடுகள் பெரும்பாலும், கருவில் நரம்பணுக்களை உண்டாக்கும் மூலச் செல்களில் மரபணுக்களை இயக்கும் டிஎன்ஏ பகுதிகளில் இருந்தன. தடிமனோடு தொடர்புள்ளவையோ வளர்ந்தவர்களின் மூளையில் வேலை செய்யும் டிஎன்ஏ பகுதிகளில் இருந்தன. நரம்பியல் விஞ்ஞானி பாஸ்கோ ராகிச் 1988லேயே இப்படி ஒரு கருத்தைச் சொல்லியிருந்தார்: நரம்பணுக்கள் தூண் தூணாக அடுக்கப்படுகின்றன, எத்தனை தூண்கள் என்பது பரப்பளவு, ஒரு தூணில் எத்தனை அணுக்கள் என்பது தடிமன். விலங்குகளின் கருவைப் பார்த்துச் சொன்னது, இத்தனை வருடம் கழித்து மனிதர்களின் டிஎன்ஏவிலும் பொருந்தி வருகிறது!

சரி, அப்புறம் சதவீதக் கணக்கு. அதே ஆய்வில், பரவலாகக் காணப்படும் மாறுபாடுகள் மொத்தப் பரப்பளவில் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தில் 34 சதவீதத்தையும், சராசரித் தடிமனில் 26 சதவீதத்தையும் விளக்குகின்றன. இதை ‘என் மூளையில் 34 சதவீதம் பரம்பரை’ என்று படிக்கக் கூடாது. இது ஒரு மக்கள் கூட்டத்துக்குள் இருக்கும் வித்தியாசத்தைப் பற்றிய கணக்கு, தனி ஆளைப் பற்றி எதுவும் சொல்லாது.

இன்னொன்றும் எனக்கு உறுத்துகிறது. இந்தத் தரவில் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர். ஒரு மக்களிடம் சாதாரணமாக இருக்கும் மாறுபாடு இன்னொரு மக்களிடம் அரிதாக இருக்கலாம், அதனால் அங்கே போட்ட கணக்கை அப்படியே ஆசியர்களுக்கோ ஆப்பிரிக்கர்களுக்கோ பொருத்த முடியாது. அவர்களையும் பெரிய எண்ணிக்கையில் சேர்த்துத்தான் அடுத்த ஆய்வுகளைச் செய்ய வேண்டும்.