மூன்று பூட்டுள்ள பெட்டி: மலாவியில் ஒரு சேமிப்புக் குழுவின் முதல் ஆண்டு

ஆப்பிரிக்க நாடான மலாவியின் தெற்குப் பகுதியில், சோம்பா மாவட்டத்தில் சில்வா ஏரியை ஒட்டிய கிராமங்களில் பணிபுரியும் ஒரு சிறிய தொண்டு அமைப்பில் 2022ஆம் ஆண்டின் இறுதியில் தன்னார்வலராகச் சேர்ந்தேன். கொசுவலை வழங்குதல், குடிநீருக்குக் குளோரின் கொடுத்தல், சேமிப்புக் குழு அமைத்தல் ஆகிய மூன்றையும் அந்த அமைப்பு செய்துவந்தது. எனக்கு ஒதுக்கப்பட்டது சேமிப்புக் குழு. நோயைத் தடுக்க வந்தவர்களுக்குச் சேமிப்பில் என்ன வேலை என்று கேட்டால், அதற்கு விடை அங்குள்ள பருவக் கணக்கிலேயே இருக்கிறது. மக்காச்சோள அறுவடை ஏப்ரல், மே மாதங்களில் முடிகிறது. பல வீடுகளில் ஆண்டு முடிவதற்குள்ளேயே தானியம் தீர்ந்துவிட, ஜனவரி முதல் மார்ச் வரை பசிக்காலம். மலேரியா உச்சத்தை எட்டுவதும் அந்த மழை மாதங்களில்தான். அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. ஆனால் காய்ச்சல் கண்ட குழந்தையை அங்கே கொண்டுசெல்ல வாடகை மிதிவண்டிக்காரருக்குக் காசு கொடுத்தாக வேண்டும். அந்தக் காசைப் புரட்ட முடியாமல் இன்று போகலாம், நாளை போகலாம் என்று தள்ளிப்போடும் இடைவெளியில் காய்ச்சல் மூளையைத் தாக்கும் அளவுக்கு முற்றிவிடுவது உண்டு.

நாங்கள் பின்பற்றியது, 1991இல் நைஜர் நாட்டின் மராடிப் பகுதியில் கேர் (CARE) என்ற பன்னாட்டுத் தொண்டு அமைப்பு தொடங்கிய கிராமச் சேமிப்பு முறை. உறுப்பினர்கள் வாரந்தோறும் ‘பங்கு’ வாங்கிச் சேமித்து, அந்தப் பணத்திலிருந்து தமக்குள் கடன் கொடுத்து, ஆண்டு முடிவில் மொத்தத்தையும் பங்குக்கேற்பப் பிரித்துக்கொள்வதே அந்த முறை. அது இன்று ஆப்பிரிக்கா முழுவதும் பரவியிருக்கிறது. மலாவியில் இத்தகைய குழுக்களை ‘பாங்க் ம்கொண்டே’ என்கிறார்கள். ஊர்த்தலைவரின் ஒப்புதலைப் பெற்றபின் கூட்டம் போட்டு முறையை விளக்கினோம். உறுப்பினர்களை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. யார் யாரை நம்புகிறார்களோ அவர்கள் தாமாகவே சேர்ந்தார்கள். 25 பேருக்கு மேல் கூடாது என்பது மட்டுமே எங்கள் நிபந்தனை. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

விதிகளை எழுதுவதற்குத்தான் நான் எதிர்பார்த்ததைவிட அதிக நாட்கள் பிடித்தன. ஒரு பங்கின் விலை, தாமதமாக வந்தால் அபராதம், கடனுக்கான மாதக் கட்டணம் ஆகியவை விரைவில் முடிவாகிவிட்டன. சிக்கியது அவசர நிதி. எல்லோரும் சமமாகச் செலுத்தும் அந்த நிதி சேமிப்போடு கலக்காமல் தனிப் பையில் இருக்கும். நோய், சாவு போன்ற இடர்களுக்கு அதிலிருந்து வட்டியில்லாமல் கொடுப்பார்கள். யாருடைய நோய்க்கு என்பதே கேள்வி. தெற்கு மலாவியில் தாய்வழி மரபு வலுவானது. மணமான ஆண் மனைவியின் ஊரில் குடியேறுவதும், உடன்பிறந்தாளின் பிள்ளைகளைத் தன் பிள்ளைகளாகவே கருதுவதும் அங்கு இயல்பு. “குடும்பத்தினர்” என்று நான் கொண்டுபோயிருந்த மாதிரிப் படிவத்தில் இருந்த ஒற்றைச் சொல் அங்கே எதையும் தீர்க்கவில்லை. நீண்ட வாதத்துக்குப் பிறகு, உறுப்பினரின் வீட்டில் உறங்கும் எவருக்கும் நிதி உண்டு, அக்காள் தங்கை பிள்ளைகள் வேறு வீட்டில் இருந்தாலும் மருத்துவமனைப் பயணத்துக்கு மட்டும் உண்டு என்று அவர்களே முடிவு கட்டினார்கள்.

வாரக் கூட்டத்தின் ஒழுங்கு எளிமையானது. இரும்புப் பெட்டிக்கு மூன்று பூட்டுகள். சாவிகள் நிர்வாகக் குழுவில் இல்லாத மூன்று பேரிடம் இருக்கும். மூவரும் வராமல் பெட்டி திறக்காது. சென்ற வாரம் பெட்டியில் எவ்வளவு இருந்தது என்பதை உறுப்பினர்கள் நினைவிலிருந்து சொல்ல, பணம் எல்லோர் கண்முன்னும் எண்ணப்படும். பிறகு ஒருவர் ஒன்று முதல் ஐந்து பங்குகள் வரை வாங்கலாம். ஒரு பங்குக்கு ஒரு முத்திரை என்று சேமிப்புப் புத்தகத்தில் குத்துவதால் எழுத்தறியாதவரும் தம் கணக்கைத் தாமே எண்ணிப் பார்க்க முடிகிறது. மாதம் ஒருமுறை கடன். தம் சேமிப்பைப் போல் மூன்று மடங்குக்கு மேல் யாருக்கும் கிடையாது.

இதற்கிடையில், எங்கள் அமைப்புக்கு உதவும் ஒருவர் பெட்டியில் ஒரு தொகையைப் போட்டுத் தொடக்கி வைக்கலாமே என்று எழுதினார். மறுத்துவிட்டோம். நம் ஊர் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு வங்கிக் கடன் இணைப்பு இருப்பதால் இந்தக் கண்டிப்பு நமக்கு விசித்திரமாகத் தோன்றலாம். பெட்டியில் இருப்பது பக்கத்து வீட்டுக்காரியின் பணம் என்பதற்காகத்தான் அங்கே கடன் திரும்பி வருகிறது. வெளியார் பணம் கலந்தால் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்துவிடும் என்றே இன்றும் நினைக்கிறேன்.

அந்த ஆண்டு நல்ல ஆண்டாக அமையவில்லை. அருகிலுள்ள மச்சிங்கா மாவட்டத்தில் 2022 மார்ச்சில் தொடங்கிய காலரா நாடெங்கும் பரவி 1,700க்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்டது. 2023 மார்ச்சில் ஃபிரெடி புயல் தெற்கு மலாவியை நீரில் மூழ்கடித்தது. வயல்கள் போனபின் பெட்டியை உடைத்துப் பணத்தைப் பிரித்துக்கொள்வோம் என்று சிலர் கேட்டார்கள், அவர்கள் கேட்டதில் நியாயமும் இருந்தது. ஆனால் பெரும்பான்மையினர் ஒப்பவில்லை. நிலுவைக் கடன்களுக்குக் கூடுதல் கட்டணமின்றித் தவணையை நீட்டினார்கள். சில வாரங்கள் பங்கு விற்பனையை நிறுத்தி, அவசர நிதிக்காக மட்டும் கூடினார்கள். வயிற்றுப்போக்கு கண்டவருக்கு இரவிலும் வண்டி பிடிக்க வேண்டியிருந்ததால், நிதியில் ஒரு சிறு பகுதியைப் பெட்டிக்கு வெளியே ஒரு மூதாட்டியிடம் கொடுத்து வைத்தார்கள். கையேட்டில் இல்லாத ஏற்பாடு அது, கையேட்டைவிடப் பொருத்தமானது.

நவம்பர் மாதம் பங்கு பிரிப்பு. பெட்டியிலுள்ள மொத்தத் தொகையை எல்லாப் புத்தகங்களிலும் உள்ள முத்திரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு பங்கின் புதிய மதிப்பு வரும். கணக்கு பிசகாமல் வந்தது. கடன் கட்டணத்தால் பங்கின் மதிப்பும் உயர்ந்திருந்தது. ஆனால் அதே மாதத்தில் மலாவியின் ரிசர்வ் வங்கி, டாலரின் விலை 44 சதவீதம் உயரும்படி நாட்டு நாணயமான குவாச்சாவின் மதிப்பைக் குறைத்தது. உரம் வெளிநாட்டிலிருந்து வருவது. உரம் வாங்குவதற்கென்றே ஆண்டு முழுவதும் சேர்த்த பணம், கைக்கு வந்தபோது முன்பு நினைத்த மூட்டைகளுக்குப் போதவில்லை. சிறுசேமிப்பைப் புகழ்ந்து எழுதுபவர்கள் இந்த ஓட்டையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. குழு எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் பணவீக்கத்துக்குப் பூட்டுப் போட முடியாது.

இரண்டாம் ஆண்டு விதிகளில் அவர்களே இரண்டு மாற்றங்கள் செய்தார்கள். பங்கு பிரிப்பைச் செப்டம்பருக்கு முன்தள்ளினார்கள். அறுவடை முடிந்து விலை தணிந்திருக்கும்போது குழுவாக மக்காச்சோளம் வாங்கி வைக்கச் சேமிப்பின் ஒரு பகுதியை ஒதுக்கினார்கள். அந்த நவம்பர் பிரிப்பில் அவசர நிதியை மட்டும் பிரிக்காமல் அடுத்த சுற்றுக்குக் கொண்டுசென்றார்கள், ஏனென்றால் அடுத்த பசிக்காலத்துக்கு அப்போது சில வாரங்களே இருந்தன.