விலாங்குக் குஞ்சுகளும் தொட்டி வெப்பமும்

பிப்ரவரி 6

ஐரோப்பிய விலாங்குக் குஞ்சுகள் காலையில் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றும் சுமார் 0.3 கிராம். கண்ணாடி போன்ற உடம்பில் கண்ணும் முதுகெலும்புக் கோடும்தான் தெரிகின்றன. எல்லாமே கழிமுகத்தில் பிடிபட்டவை. இந்த இனத்தைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்து வணிக அளவில் குஞ்சு எடுக்க இன்னும் யாராலும் முடியவில்லை. அழியும் விளிம்பில் இருக்கிற இனம் வேறு. ஒரு குஞ்சு செத்தாலும் அது ஆற்றுக்குப் போயிருக்க வேண்டிய உயிர் என்பது மனதில் உறுத்துகிறது.

வந்த நீர் 9 டிகிரி. தொட்டியையும் அதே அளவில்தான் வைத்திருந்தோம்.

பிப்ரவரி 10

ஹீட்டரை நாளுக்கு ஒரு டிகிரி என்ற கணக்கில் ஏற்றுகிறோம். குஞ்சுகள் அடியில் குவியலாகக் கிடக்கின்றன. இந்தக் குளிரில் தீவனம் போட்டால் தண்ணீர்தான் கெடும்.

பிப்ரவரி 19

18 டிகிரி. குவியல் கலைந்துவிட்டது, முதுகில் கறுப்பு ஏறுகிறது. காட் மீனின் முட்டையைப் பிசைந்து வைத்தோம். கொஞ்ச நேரம் சுற்றி வந்து, அப்புறம் கொத்த ஆரம்பித்தன. அதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷம்!

பிப்ரவரி 25

24 டிகிரியை எட்டிவிட்டோம். தீனி நன்றாக இறங்குகிறது. ஆனால் இனிமேல்தான் கவனம் வேண்டும்.

மீனின் உடம்பு வெப்பம் நீரோடு சேர்ந்தே ஏறும். 10 டிகிரி கூடினால் அதன் ஆக்சிஜன் செலவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். நீரோ எதிர்த்திசையில் போகிறது: 10 டிகிரி நன்னீர் லிட்டருக்கு 11.3 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும், 24 டிகிரியில் 8.4 மட்டுமே. தீனி முடிந்த பிறகுதான் குஞ்சுகளின் தேவை உச்சத்துக்குப் போகிறது. அந்த நேரத்தில் ஆக்சிஜன் மீட்டரை விட்டு நகரக் கூடாது.

குஞ்சுகளின் கழிவில் வரும் அம்மோனியா இதைவிடச் சிக்கல். மொத்த அளவு மாறாவிட்டாலும், பிஹெச் அதேதான் என்றாலும், 10 டிகிரியில் இருப்பதைப்போல 24-இல் நச்சான பங்கு கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அதை நைட்ரேட்டாக மாற்றுகிற பாக்டீரியாக்களுக்கும் இந்தச் சூடு பிடிக்கும்தான். ஆனால் அவை பெருக வாரக்கணக்கில் ஆகும், குஞ்சின் பசியோ சில நாட்களிலேயே வந்துவிடும். ஆகவே ஹீட்டரை எவ்வளவு வேகமாக ஏற்றலாம் என்பதை முடிவு செய்ய வேண்டியது அந்த பாக்டீரியாக்கள் வாழும் உயிர்வடிகட்டி. குஞ்சு எவ்வளவு தாங்கும் என்று மட்டும் பார்ப்பது போதாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மார்ச் 4

"அண்ணா, ஜப்பான் விலாங்கை 28 டிகிரியில வளர்க்கிறாங்களே, நாமளும் ஏத்திப் பார்க்கலாமா?" என்று கூட வேலை செய்யும் தம்பி கேட்டான். நல்ல கேள்வி. ஆனால் இனம் வேறு. ஐரோப்பிய விலாங்குக்கு 23 முதல் 26 வரை போதும். அதற்கு மேல் போனால் உண்ட தீவனத்தில் பெரும்பகுதி உடம்பை ஓட்டவே செலவாகி, வளர்ச்சிக்கு மிஞ்சுவது குறையும். நோயும் இருக்கிறது. செவுளைப் பிடிக்கும் தட்டைப்புழுக்கள் 25 டிகிரியில் வேகமாகப் பெருகும். வெள்ளைப்புள்ளி நோயின் ஒட்டுண்ணி குளிரில் வாரக்கணக்கில் முடிக்கும் சுற்றை இந்தச் சூட்டில் சில நாட்களில் முடித்துவிடும். விலாங்கின் ஹெர்பெஸ் வைரஸ் தலைகாட்டினால் பண்ணைக்காரர்கள் வெப்பத்தை இறக்குகிறார்கள், தீவனத்தையும் குறைக்கிறார்கள்.

24-லேயே நிற்கிறோம் என்றேன். சரி என்றான்.

மார்ச் 12

நைட்ரைட் (அம்மோனியா நைட்ரேட்டாகும் வழியில் வரும் நச்சு) கொஞ்சம் ஏறியது. தீவனத்தைப் பாதியாக்கினோம். வெப்பத்தைத் தொடவில்லை.

மார்ச் 23

குஞ்சுகளை அளவு வாரியாகப் பிரித்தோம். ஒரே தொட்டி, ஒரே சூடு, ஆனாலும் சில குஞ்சுகள் மற்றவற்றைப்போலப் பல மடங்கு பெருத்திருக்கின்றன. சில வந்தபோது இருந்த எடைகூட இல்லை. சூட்டில் பசி கூடும்போது வலுத்தவை முந்திக்கொள்கின்றன. தின்னாத குஞ்சுக்கு அதே சூடு எதிரி: உடம்பு செலவழித்துக்கொண்டே இருக்கும், உள்ளே எதுவும் போகாது. இளைத்தவற்றைத் தனித் தொட்டிக்கு மாற்றியிருக்கிறோம். நாளை அவற்றுக்கு மறுபடியும் காட் முட்டையிலிருந்து தொடங்கி, கொத்த ஆரம்பித்ததும் தீவனப் பசையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டும்.