வலது காலும் வெளியேற்று இருக்கையும்

போர் விமானத்தில் தரையிறங்கி ஓடுபாதையிலிருந்து திரும்பும்போது வலது பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. விமானத்தில் கோளாறு இல்லை. மிதியின் மேல்விளிம்பை முன்பாதத்தால் அழுத்தும் வலு என் கெண்டைக்காலில் இல்லை. அதற்கு முந்தைய ஐந்து மாதங்களாகப் புட்டத்தில் தொடங்கிக் குதிகால் வரை சுண்டி இழுத்த வலியை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். சொன்னால் தரையில் உட்கார வைத்துவிடுவார்கள் என்ற பயம். அப்படி மறைத்ததை நினைத்தால் இன்றும் மனம் கூசுகிறது. அந்த விமானத்தில் என் பின்னால் இன்னொருவரும் இருந்தார்.

எம்.ஆர்.ஐ. படத்தில் முதுகின் அடியில் முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் எல்5–எஸ்1 டிஸ்க் பிதுங்கி, கெண்டைக்காலுக்குப் போகும் எஸ்1 நரம்பு வேரை நெரித்துக்கொண்டிருந்தது. நுண்ணோக்கி வழியாகப் பார்த்து, பிதுங்கிய துண்டை மட்டும் எடுத்தார்கள். எலும்புகளைத் திருகாணி போட்டு இணைக்கவில்லை. இணைத்தால் அந்த மூட்டின் அசைவு போய், சுமை பக்கத்து டிஸ்கின் மேல் ஏறும். நான் பறக்கத் திரும்பியதில் இந்த வேறுபாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

மயக்கம் தெளிந்தபோதே கால்வலி இல்லை. ஆனால் வலு திரும்ப மாதக்கணக்கில் ஆனது. குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, நடை மட்டும்தான். நரம்பு வலிக்கான மாத்திரைகளை முழுவதும் நிறுத்திய பிறகே பறக்கத் தகுதியா என்று முடிவுசெய்யும் மருத்துவக் குழுவின் முன் போக முடிந்தது.

வலியைப் பற்றித்தான் கேட்பார்கள் என்று எண்ணிப் போனேன். அவர்கள், ஆபத்தில் விமானியோடு வெளியே பாயும் வெளியேற்று இருக்கையைப் பற்றிக் கேட்டார்கள். கூர்மையான திருப்பங்களில் உடல் எடை ஒன்பது மடங்கு வரை ஆகும். ஆனால் அது நாமே ஏற்றி இறக்குவது, உடலை இறுக்கித் தயாராகிவிடலாம். இருக்கை வெடித்துக் கிளம்பும்போது பன்னிரண்டு மடங்குக்கும் மேலான விசை நொடிப்பொழுதில் முதுகெலும்பை நேராகக் கீழிருந்து தாக்கும். நோயே இல்லாத முதுகிலும் முள்ளெலும்புகள் நசுங்குவது உண்டு. "பறப்பீர்கள், சரி. குதிக்க நேர்ந்தால்?" என்றார் மூத்த மருத்துவர். பதில் என்னிடம் இல்லை. புதிய எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்தார்கள், வலது காலில் மட்டும் நின்று குதிகாலைத் திரும்பத் திரும்ப உயர்த்தச் சொன்னார்கள். முதல் முறை ஏழாவதிலேயே தளர்ந்துவிட்டேன். திருப்பி அனுப்பினார்கள். அது சரியான முடிவு என்று அன்று வீட்டுக்கு வரும் வழியிலேயே எனக்குத் தெரிந்தது.

அடுத்த முறை தேறினேன். முதலில் சிமுலேட்டர், பிறகு பயிற்றுநருடன் இருவர் விமானம், அதிலும் விசைக்கு வரம்பு. முதல் நாள் நகரத் தொடங்கியதும் வலது பிரேக்கை அழுத்தினேன். மூக்கு சட்டென்று வலப்புறம் திரும்பியது. பயிற்றுநர் எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை, தொண்டை அடைத்திருந்தது.

இப்போது தனியாகப் பறக்கிறேன். பாதத்தின் வெளிவிளிம்பு இன்னும் மரத்தே இருக்கிறது. போன மாதம் ஒரு காலை இடுப்பு இறுகியிருந்தது. விமானத்துக்குப் போகும் முன் மருத்துவரிடம் போய்ச் சொன்னேன். இரண்டு நாள் தரையில் இருந்தேன். மூன்றாம் நாள் பறந்தேன்.