ரியூனியன்: மேகம் வருவதற்குள் எரிமலை

வெள்ளிக்கிழமை இரவு ஏழு மணிக்கு வழிகாட்டியிடமிருந்து போன் வந்தது. "எரிமலைக்கு ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், நாளைக்கே போய்விடலாம். காற்று மாறுகிறது. காலை நாலரைக்கு வண்டியோடு வாசலில் நிற்பேன்" என்றார். நாங்கள் அச்சடித்து வைத்திருந்த அட்டவணையில் சனிக்கிழமை சலாஸி பள்ளத்தாக்கு, ஞாயிற்றுக்கிழமைதான் எரிமலை. அம்மா மாத்திரை போட்டுப் படுத்துவிட்டார். கணவரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சரி என்று சொல்லிவிட்டேன். இந்தப் பயணத்தில் நாங்கள் எடுத்த முடிவுகளிலேயே நல்ல முடிவு அதுதான்.

தம்பி மொரீஷியஸில் வேலை பார்க்கிறான். அவனைப் பார்க்கப் போனபோது, பக்கத்திலேயே ரியூனியன் தீவு இருக்கிறதே, நான்கு இரவு போய்விட்டு வரலாம் என்று கிளம்பியதுதான் இது. மொரீஷியஸிலிருந்து விமானத்தில் முக்கால் மணி நேரம். அவனுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. அம்மாவுக்கு அறுபத்தாறு வயது, முழங்கால் வலி உண்டு. இதே மாதிரி யாராவது திட்டமிட்டால் உதவட்டும் என்று, எங்கே சிக்கினோம், எது சரியாக அமைந்தது என்பதை எழுதுகிறேன்.

முதல் சிக்கல் விசா. ரியூனியன் பிரான்ஸின் ஒரு பகுதி. 1946 முதல் அதன் கடல்கடந்த மாவட்டம். செலவழிப்பது யூரோ. ஆனால் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் ஒரே விசா செல்லும் ஷெங்கன் எல்லைக்குள் அது இல்லை. பாரிஸுக்குப் போகிறவர்கள் வாங்கும் வழக்கமான ஷெங்கன் விசா இங்கே பொதுவாகச் செல்லாது. எங்கள் ஊரில் நாங்கள் அணுகிய முகவருக்கு இது தெரியவில்லை. போகும் இடம் பிரான்ஸ் என்று பொதுவாகப் போட்டு விண்ணப்பத்தைத் தயார் செய்து வைத்திருந்தார். கையெழுத்துப் போடும்முன் ஒவ்வொரு கட்டமாகப் படித்துப் பார்த்ததால் தப்பித்தோம். திருத்தி, புதிதாக நேரம் வாங்க மூன்று வாரம் போயிற்று. அந்த மூன்று வாரமும் தூக்கம் சரியில்லை. விண்ணப்பத்தில் போகும் இடம் ரியூனியன் என்றே இருக்க வேண்டும். இந்தியர்களுக்கு என்ன விதி நடப்பில் இருக்கிறது என்பதை டிக்கெட் போடும்முன் பிரெஞ்சுத் தூதரகத்தின் இணையப் பக்கத்திலேயே பார்த்துவிடுங்கள்.

அடுத்து, எப்படிச் சுற்றுவது. வாடகைக் காரைத்தான் முதலில் நினைத்தோம். அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும், மலைப்பாதை முழுக்கக் கொண்டை ஊசி வளைவு. கணவர் நன்றாக ஓட்டுவார், ஆனாலும் இருட்டில், பழக்கமில்லாத பக்கத்தில், அம்மாவைப் பின்னால் வைத்துக்கொண்டு வேண்டாம் என்றார். பேருந்தில் பூர் மூரா என்ற மலை ஊர் வரைக்கும் போகலாம். அதற்கு மேல் எரிமலை விளிம்பு வரை சொந்த ஏற்பாடுதான். மினிபஸ்ஸில் பத்துப் பேரோடு போகும் ஒருநாள் சுற்றுலா மலிவு. ஆனால் நாள் முன்கூட்டியே நிர்ணயம் ஆகிவிடும், அன்று மழையானாலும் அதே நாள்தான். கடைசியில், மூன்று நாளைக்கும் சொந்த வேன் வைத்திருக்கும் ஒரு மலை வழிகாட்டியைப் பேசி முடித்தோம். ஓட்டல் செலவைவிட இது அதிகம். அதற்காக ஓட்டலில் ஒரு படி இறங்கினோம்.

அவரைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், நான் கேட்டதைவிட அவர் எங்களைக் கேட்டது அதிகம். அம்மாவால் ஐந்நூறு படி இறங்கி ஏற முடியுமா? யாருக்காவது ஆஸ்துமா உண்டா? காலணியின் அடிப்பக்கம் எப்படி இருக்கிறது, படம் அனுப்ப முடியுமா? நாங்கள் நான்கு இரவும் தலைநகர் சாந்த்-தெனியில் அறை போட்டிருந்தோம். அதைப் பார்த்துவிட்டு, "அங்கிருந்து எரிமலைக்கு இரண்டரை மணி நேரம். முதல் இரண்டு இரவு மேலே தங்குங்கள்" என்று எழுதினார். அறையை ரத்து செய்து பூர் மூரா பக்கம் ஒரு சிறிய விடுதிக்கு மாறினோம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரம். செப்டம்பர் மாத இரவில் கம்பளி இரண்டு வேண்டியிருந்தது. வெப்பமண்டலத் தீவுதானே என்று பருத்தித் துணி மட்டும் எடுத்துப் போகிறவர்கள் நடுங்கிப் போவார்கள்.

இனி அந்தச் சனிக்கிழமை.

நாலரைக்குச் சொன்னபடி வந்துவிட்டார். இருட்டில் மேலே ஏற ஏற மரங்கள் குட்டையாகி, புதராகி, ஒரு வளைவு திரும்பியதும் ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது. வண்டியை நிறுத்தி எங்களை இறங்கச் சொன்னார். கீழே பரந்து கிடந்தது ப்ளேன் தே சாப்ல், மணல் சமவெளி. வெளிச்சம் வரத் தொடங்கிய நேரம். தரை செங்கல் தூளும் கரித்தூளும் கலந்த நிறம். ஒரு செடி இல்லை, ஒரு பறவைச் சத்தம் இல்லை. வண்டித் தடம் மட்டும் நேராகப் போய்க் கரைந்தது. அம்மா சால்வையை இழுத்து மூடிக்கொண்டு, "மண்ணு இன்னும் முளைக்கவே ஆரம்பிக்கலை போல" என்றார்.

பாதை முடியும் இடம் பா த பெல்கோம்ப். 2,311 மீட்டர். விளிம்பில் நின்றால், ஊர்கள் பலவற்றை உள்ளே வைக்கலாம் என்னும் அளவுக்கு ஒரு பெரிய குழிவு. அதன் நடுவே எரிமலையின் கூம்பு. பித்தோன் த லா ஃபுர்னேஸ், உயரம் 2,632 மீட்டர். உலகில் அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளில் ஒன்று. எரிமலைக் குழம்பு நீர்த்து ஓடும் வகை என்பதால் பெரும்பாலும் பக்கவாட்டில் வெடிப்பு விட்டு வழியும். வெடிப்பு தொடங்கினால், ஏன், வெடிக்கப் போகிறது என்ற அறிகுறி தெரிந்தாலே, குழிவுக்குள் இறங்கும் வாயிலை நிர்வாகம் பூட்டிவிடும். அதைச் சொல்லும் ஆய்வு மையம் பூர் மூராவிலேயே இருக்கிறது. திட்டம் போடும்போதே இதற்கும் மாற்று வேண்டும் என்று வழிகாட்டி சொல்லியிருந்தார். பூட்டியிருந்தால் வெளிவிளிம்பில் நடந்து பித்தோன் த பேர் என்ற இடத்திலிருந்து பார்ப்பது. எங்களுக்கு வாயில் திறந்திருந்தது.

அம்மாவும் கணவரும் விளிம்பிலேயே தங்கினார்கள். பக்கத்தில் நடந்து போகும் தூரத்தில் ஒரு தங்குவிடுதி, சூடாகக் காபி கிடைக்கும். அம்மாவுக்கு இறங்க ஆசைதான். வழிகாட்டி அவர் முழங்காலைத் தொட்டுக் காட்டி, ஏறி வரும் படிகளைக் கையால் எண்ணிக் காட்டினார். அம்மா அதற்கு மேல் கேட்கவில்லை.

நானும் வழிகாட்டியும் ஆறேகாலுக்கு இறங்கினோம். செங்குத்துச் சுவரில் வெட்டிய படிகள், ஐந்நூறுக்கு மேல். கீழே கால் வைத்ததும் தரை மாறிவிட்டது. ஓடிய குழம்பு அப்படியே உறைந்திருக்கிறது. சில இடத்தில் முறுக்கிய கயிற்றை அடுக்கி வைத்தது போல, சில இடத்தில் உடைத்த கண்ணாடி போல. ஒருமுறை தடுமாறிக் கையை ஊன்றினேன், உள்ளங்கை கிழிந்தது. காலணியின் படம் ஏன் கேட்டார் என்று அப்போது புரிந்தது. பாதை என்று தனியாக எதுவும் கிடையாது. கருங்கல்லில் கையகலத்துக்கு வெள்ளைச் சாயம் அடித்திருக்கிறார்கள். ஒன்றிலிருந்து அடுத்ததைப் பார்த்துப் போக வேண்டும்.

கொஞ்ச தூரத்தில் ஃபோர்மிகா லியோ. 1753இல் உண்டான சிறு கூம்பு, செம்மண் குவித்தது போல அழகாக இருக்கும். அதைக் கடந்ததும் நிழல் இல்லை, தண்ணீர் இல்லை. ஆளுக்கு இரண்டு லிட்டர் சுமந்தோம், திரும்பும்போது சொட்டு மிஞ்சவில்லை.

ஒன்பதுக்குச் சற்று முன் தொலோமியூ என்ற எரிமலை வாயின் விளிம்புக்கு வந்தோம். ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் அகலம். 2007 ஏப்ரலில் பெருவெடிப்பின்போது அடியிலிருந்த குழம்பு வடிந்து வெளியேற, தாங்க ஆளில்லாமல் இந்தத் தரை முந்நூறு மீட்டருக்கு மேல் உள்ளே இறங்கியது. சுவரில் அடுக்கடுக்காகக் கோடுகள். எங்கிருந்தோ ஒரு கல் உருண்டு விழும் சத்தம் வந்தது. விழுந்த சத்தம் கேட்க நேரம் பிடித்தது. விளிம்பு பிளந்து நிற்கிறது, குறி வைத்த இடத்தைத் தாண்டாதே என்று என் பையைப் பிடித்துக்கொண்டே நின்றார். பன்னிரண்டு நிமிடம் பார்த்திருப்பேன். அவர் கீழே கிழக்குப் பக்கம் காட்டினார். கடலிலிருந்து மேகம் சரிவில் ஏறி வந்துகொண்டிருந்தது.

தென்கிழக்கிலிருந்து வீசும் வணிகக் காற்று கடலின் ஈரத்தை மலை மேல் தள்ளுகிறது. வெயில் ஏற ஏற அது மேகமாகி உச்சியை மூடுகிறது. தெளிவான நாளிலேயே ஒன்பது, பத்து மணி வரைதான் நேரம். நாங்கள் பாதி வழி திரும்பியபோது எல்லாம் வெள்ளையாகிவிட்டது. அடுத்த வெள்ளைக் குறி தெரியவில்லை. அவர் முன்னால் போய் ஒரு குறியில் நின்று கூப்பிடுவார், குரலைப் பிடித்து நான் போவேன். எதிரே ஒரு குடும்பம் அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது, குழந்தைகள் அரைக்கால் சட்டையில். அவர்களை நிறுத்தி நெடுநேரம் பேசினார். அவர்கள் எங்களோடு திரும்பிவிட்டார்கள்.

மேலே அம்மா எங்களைவிட நன்றாகப் பார்த்திருந்தார். "மலை முழுசா தெரிஞ்சுது. நீங்க ரெண்டு பேரும் எறும்பு மாதிரி போனீங்க" என்று பலமுறை சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலையில் விடுதி சன்னலைத் திறந்தால் எதிர்வீடு தெரியவில்லை, சாரல். அட்டவணைப்படி போயிருந்தால் அந்தச் சாரலைத்தான் பார்த்திருப்போம். நான்கு நாள் பயணத்தில் எரிமலைக்கென்று ஒரே ஒரு நாளை எழுதி வைக்காதீர்கள். எந்த நாளாகவும் மாற்றலாம் என்று வழிகாட்டியிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

ஞாயிறு சலாஸிக்குப் போனோம். பச்சைச் சுவர்களில் அருவி அருவியாக இறங்கும் பள்ளத்தாக்கு. அம்மாவை வண்டியை நிறுத்தச் சொல்ல வைத்தது வேறொன்று. பந்தல் பந்தலாகச் சௌசௌ. அங்கே அதற்குப் பெயர் சூசூ. சைவச் சாப்பாட்டுக்குக் கவலைப்பட்டுப் பொடி வகைகள் கட்டிக்கொண்டு போனோம். சோறு, பருப்பு, கீரை, ஊறுகாய் என்று எந்தச் சிறு கடையிலும் கிடைத்தது. "இறைச்சி, மீன் வேண்டாம்" என்று பிரெஞ்சில் ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொண்டால் போதும்.

திங்கட்கிழமை கிழக்குக் கரை. குழம்பு கடலுக்கு ஓடிய சரிவை வெட்டித்தான் நெடுஞ்சாலை போகிறது. ஓரத்தில் 2002, 2004, 2007 என்று ஆண்டு எழுதிய பலகைகள். பழைய ஓட்டத்தில் பெரணி முளைத்துவிட்டது. புதியதில் சாம்பல் நிறப் பாசிதான். பித்தோன் சாந்த்-ரோஸ் என்ற ஊரில் 1977இல் குழம்பு தேவாலயத்தைச் சுற்றி வளைத்து, வாசலோடு நின்றுவிட்டது. கருங்கல் இன்னும் சுவரை ஒட்டி அப்படியே கிடக்கிறது.

வழிகாட்டியின் ஊர் சாந்த்-ஆந்த்ரே. அவர் குடும்பப் பெயர் சாமி என்று முடியும். கரும்புத் தோட்டங்களுக்கு 1848இல் அடிமைமுறை ஒழிந்த பிறகு நம் பக்கத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களின் வழிவந்தவர். அவர்களை அங்கே மல்பார் என்கிறார்கள். அவருக்குத் தமிழ் பேச வராது. கோயில் பாட்டுகள் பிரெஞ்சு எழுத்தில் எழுதிய நோட்டிலிருந்து பாட வரும். ஊர்க் கோயிலுக்கு அழைத்துப் போய்விட்டு, வீட்டுக் கொல்லையில் ஒரு மரத்தைக் காட்டினார். "கலூப்பிலே" என்றார். அம்மா இலையைக் கசக்கி முகர்ந்துவிட்டு, "கறிவேப்பிலை, தம்பி. கறி-வேப்பிலை" என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். பக்கத்தில் முருங்கை. அதற்கு அவர் சொன்ன பெயர் மூரூம். அம்மா அதையும் சொல்லிக் கொடுத்தார். அவர் மனைவியைக் கூப்பிட்டு, இருவரும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார்கள்.

கிளம்பும்போது ஒரு கொத்து ஒடித்துக் கொடுத்தார். செடி, இலை எதுவும் விமானத்தில் கொண்டுபோகக் கூடாது என்று அம்மாவிடம் சொன்னேன். கடைசி இரவுக்கு அதே ஊரில் சமையலறையோடு வீடு எடுத்திருந்தோம். அம்மா புளி வாங்க மூலைக்கடை வரை போய்வந்தார். அன்றைக்கு ரசத்தில் போட்டுத் தாளித்தது அந்தக் கொத்துதான்.