இன்வெர்ட்டர் வழக்கு: மனு மூன்று முறை ஏன் திரும்பியது

வக்கீல் இல்லாமல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நாமே மனு போடலாம், தமிழிலேயே எழுதலாம். நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் கணக்கு தொடங்குவது, ஓடிபி, பிடிஎஃப் ஏற்றுவது எல்லாம் ஒரு சாயங்கால வேலை. அதற்குப் பிறகு என் மனு மூன்று முறை திரும்பியது. இரண்டு முறை என் தப்பு, ஒரு முறை அவர்கள் தப்பு.

விவகாரம் சின்னது. ₹23,400 கொடுத்து வாங்கிய இன்வெர்ட்டரும் பேட்டரியும், 36 மாத வாரண்டி, பதினோராவது மாதத்தில் படுத்துவிட்டது. கடைக்காரர் சர்வீஸ் சென்டரைக் கைகாட்ட, சர்வீஸ் சென்டர் கடையைக் கைகாட்ட, ஏழு மாதம் போனது. இந்த ஏழு மாதமும் கெடு ஓடிக்கொண்டே இருக்கும் என்பதை யாரும் சொல்வதில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 69ஆம் பிரிவுப்படி, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். 1915 உதவி எண்ணில் புகார் கொடுத்துவிட்டுக் காத்திருந்தாலும் கெடு நிற்காது. அந்தப் புகார் எண்ணை மனுவில் ஒரு வரியாகச் சேர்க்கலாம், நாம் முன்பே முயன்றோம் என்று காட்டும், அவ்வளவுதான்.

முதல் தடவை திரும்பியது எதிர்தரப்பின் பெயரால். கடைப் பலகையில் இருந்த பெயரை அப்படியே போட்டிருந்தேன். பலகைப் பெயர் என்பது சட்டத்தின் கண்ணில் ஆளே இல்லை. கடை யாருடையது என்பதற்கான விடை பில்லிலேயே இருக்கிறது. 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு (தமிழ்நாட்டுக்கு 33), அடுத்த பத்தும் பான் எண். ஆக, ஜிஎஸ்டி எண்ணின் ஆறாவது எழுத்தைப் பாருங்கள். 'பி' என்றால் தனிநபர், 'சி' என்றால் கம்பெனி, 'எஃப்' என்றால் கூட்டு நிறுவனம். ஜிஎஸ்டி தளத்தில் அந்த எண்ணைப் போட்டுத் தேடினால் சட்டப்படியான பெயரும் வணிகப் பெயரும் தனித்தனியாக வரும், முதன்மை வணிக முகவரியும் வரும். தனிநபர் கடை என்றால் 'இன்ன எலக்ட்ரிக்கல்ஸ், அதன் உரிமையாளர் இன்னார்' என்று எழுத வேண்டும். தயாரிப்பாளர் கம்பெனிக்கு வாரண்டி அட்டையில் இருக்கும் கஸ்டமர் கேர் முகவரி போதாது. கார்ப்பரேட் விவகார அமைச்சகத்தின் தளத்தில் பதிவு அலுவலக முகவரி கிடைக்கும். இந்த அரை மணி நேர வேலையைச் செய்யாததால் எனக்கு மூன்று வாரம் போனது. குறை இருக்கிறது என்ற மெயில் ஸ்பேமில் கிடந்தது வேறு. மனு போட்ட பிறகு தினமும் தளத்துக்குள் போய் நிலையைப் பாருங்கள், மெயிலை நம்பாதீர்கள்.

எங்கே போடுவது என்பதில் சந்தேகம் வேண்டாம். கம்பெனி மும்பையில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், 34ஆம் பிரிவு அதற்கு இடம் கொடுக்கிறது. ஆதாரில் பழைய ஊர் முகவரி இருந்தால் மட்டும் இப்போதைய வீட்டின் வாடகை ஒப்பந்தத்தையோ கேஸ் பில்லையோ சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தடவை ஆவணங்கள். கடைப் பில் வெப்பத்தாளில் அடித்தது, ஒன்றரை வருஷத்தில் வெளுத்து, ஸ்கேனில் வெறும் மஞ்சள் தாளாக வந்தது. நல்லவேளை, யுபிஐ பரிவர்த்தனை எண்ணும் வங்கி ஸ்டேட்மென்ட்டும் இருந்தன. பெரிய பொருள் வாங்கிய அன்றே பில்லை ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். அடுத்து வாட்ஸ்அப். 'சர்வீஸ் அண்ணா' என்று பதிந்துவைத்த பெயரோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் அந்த அண்ணா யார் என்று எதிர்தரப்பு வக்கீல் கேட்பார். பதிந்த பெயரை அழித்துவிட்டு, எண் தெரியும்படி எடுக்க வேண்டும், ஒவ்வொரு பக்கத்திலும் தேதி தெரிய வேண்டும். மின்னணு ஆவணங்களுக்கு முன்பு பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி சான்று (நகல் உண்மையானது என்ற உறுதி) கேட்பார்கள். 2024 ஜூலை 1 முதல் அது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63(4) சான்றாகிவிட்டது, படிவமும் மாறிவிட்டது. பழைய மாதிரியை எங்கிருந்தோ இறக்கி ஒட்டியதும் நான்தான். நுகர்வோர் ஆணையங்கள் சாட்சியச் சட்டத்தை வரிக்கு வரி பிடிப்பதில்லை என்றாலும், இருந்தால் வாயடைக்கும்.

அதே தடவையில் அஃபிடவிட்டும் உதைத்தது. நோட்டரியிடம் கையெழுத்து வாங்கிய பிறகு மனுவில் ஒரு பக்கம் கூட்டினேன், பக்க எண் எல்லாம் நகர்ந்தது, மனுவின் தேதியும் அஃபிடவிட் தேதியும் ஒட்டவில்லை. வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் மனு, தேதிவாரி நிகழ்வுப் பட்டியல், எதிர்தரப்பு விவரம், ஆவணங்கள், எல்லாவற்றுக்கும் தொடர் பக்க எண், பிறகு இன்டெக்ஸ், கடைசியில்தான் நோட்டரி.

மூன்றாவது தடவை கட்டணம். இங்கேதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. மனுவில் நஷ்டஈடு, மன உளைச்சல், செலவு எல்லாம் சேர்த்து ₹6 லட்சம் கேட்டிருந்தேன் (அதிகம்தான், கோபத்தில் எழுதியது). கவுண்டரில் இருந்த எழுத்தர் "கேட்டது அஞ்சு லட்சத்துக்கு மேல சார், இருநூறு ரூபாய் கட்டிட்டு வாங்க" என்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல் திருப்பிவிட்டார். இருநூறு ரூபாய் பெரிய காசில்லை. ஆனால் 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் பொருளின் மதிப்போடு நஷ்டஈட்டையும் கூட்டிப் பார்ப்பார்கள். புதிய சட்டத்தில் பொருளுக்கு நாம் உண்மையில் கொடுத்த தொகைதான் கணக்கு. அது ₹5 லட்சம் வரை இருந்தால் கட்டணமே கிடையாது. 34ஆம் பிரிவையும் கட்டண அட்டவணையையும் அச்சடித்துக்கொண்டு மறுநாள் போனேன். உள்ளே போய் யாரிடமோ கேட்டு வந்தார், ஒன்றும் சொல்லாமல் சீல் வைத்தார். நீங்கள் போனால் அந்த இரண்டு தாளையும் முதல் நாளே கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆன்லைனில் ஏற்றியாயிற்று, தாள் எதற்கு என்று நினைத்திருந்தேன். எங்கள் மாவட்டத்தில் ஆணையத்துக்கு மூன்று, எதிர்தரப்பு இரண்டு பேருக்கு இரண்டு, ஆக ஐந்து செட் கேட்டார்கள். சர்வீஸ் சென்டரையும் சேர்த்திருந்தால் ஆறு. தேவையில்லாமல் ஆளைச் சேர்த்தால் ஒவ்வொருவருக்கும் நோட்டீஸ் சேர வேண்டும், ஒருவருக்குத் திரும்பினாலும் ஒரு வாய்தா போகும்.

மனு ஏற்கப்பட்ட பிறகு ஈகோர்ட்ஸ் செயலியில் வழக்கைத் தேடி நேரத்தைக் கெடுக்காதீர்கள். அது சிவில், கிரிமினல் நீதிமன்றங்களுக்கானது. நுகர்வோர் வழக்கின் வாய்தா தேதி இ-ஜாக்ரிதியில்தான் தெரியும்.

நோட்டீஸ் சேர்ந்த நாளைக் குறித்துவையுங்கள். எனக்கு உருப்படியாகக் கைகொடுத்தது இது ஒன்றுதான். எதிர்தரப்பு பதில் போட 30 நாள், ஆணையம் நினைத்தால் மேலும் 15 நாள். அந்த 45க்கு மேல் ஒரு நாள்கூட நீட்ட முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2020 மார்ச் 4 அன்று ஹில்லி மல்டிபர்ப்பஸ் கோல்டு ஸ்டோரேஜ் வழக்கில் சொல்லிவிட்டது. மனு நகலோடு நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து எண்ண வேண்டும். தபால் டிராக்கிங் பக்கத்தை அன்றே அச்செடுத்து வைத்திருந்தேன், சில மாதம் போனால் அது தளத்தில் கிடைக்காது. கம்பெனி வக்கீல் 52ஆம் நாள் வந்து இன்னொரு வாய்தா கேட்டபோது அந்தத் தாளை நீட்டினேன். பதில் மனு ஏற்கப்படவில்லை. ஆனாலும் வாதாட அவர்களுக்கு உரிமை உண்டு, வழக்கு அத்தோடு முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். ப்ரூஃப் அஃபிடவிட் (நம் சாட்சியத்தை எழுத்தில் தரும் உறுதிமொழி) போட்டு, பில், வாரண்டி அட்டை எல்லாவற்றையும் ஏ1, ஏ2 என்று குறியிட வைக்க வேண்டும். அன்று அசல் கையில் இருக்க வேண்டும்.

உத்தரவு சாதகமாக வந்தது: முழுத் தொகை, நஷ்டஈடு ₹10,000, செலவு ₹3,000. கேட்ட ஆறு லட்சத்தை நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது. மேல்முறையீட்டுக்கு 45 நாள், போகிறவர் பாதித் தொகையைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும், அதனால் இந்த அளவுத் தொகைக்குப் பெரும்பாலும் போக மாட்டார்கள். கொடுக்காமல் இழுத்தால் 71ஆம் பிரிவில் நிறைவேற்று மனு, 72இல் தண்டனை மனு. 72இன் கீழ் ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை அல்லது குறைந்தது ₹25,000 அபராதம், இரண்டும் சேர்த்தும் விதிக்கலாம். இதைச் சொல்லி ஒரு நோட்டீஸ் அனுப்பியதும் டிடி வந்தது.

டிடியில் மனுவில் இருந்தபடி என் பெயர் இனிஷியலோடு. வங்கிக் கணக்கில் அப்பா பெயர் முழுசாக இருக்கிறது. வங்கியில் வாங்க மாட்டேன் என்றார்கள், மாற்றி வாங்க இன்னும் பத்து நாள். மனுவில் உங்கள் பெயரைப் பாஸ்புக்கில் இருக்கிறபடி எழுதுங்கள்.